கால் கீதா?

மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியே போகும். அந்த இழுப்பைத் தாண்டித்தான் நிலத்துக்குப் போக வேண்டியிருந்தது. இழுப்பு பழகிய ஒருவர் முன்னால் இறங்குவார். அவர் கையை ஒருவர் பிடிக்க, அவர் கையை இன்னொருவர் பிடிக்க, சங்கிலிபோலப் போவார்கள். எங்கள் ஊரில் இதற்குக் 'கடத்தி வுடுறது' என்று பெயர். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவருக்கே கால் நழுவிவிடும். அதனால் குரல் கொடுத்துக் கேட்பார், "கால் கீதா?" கால் இருக்கிறதா, அதாவது தரை தட்டுகிறதா, ஊன்றி நிற்கிறாயா என்று அர்த்தம். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக "கீது", "கீது" என்று சொல்ல வேண்டும்.

நான் இதைப் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே கலங்கல் கால்வாயின்மேல் ரோடு போட்டுவிட்டார்கள். இப்போது அது ஆறு வழிச் சாலை. தண்ணீர் அடியில் குழாய்க்குள் போகிறது. இழுப்பு மட்டும் மேலேயே தங்கிவிட்டது.

அம்மாவின் பெயர் ராஜம்மா. வடக்குப்பட்டு திரும்பும் இடத்தில் தள்ளுவண்டி வைத்துக் கூழ் விற்கிறாள். எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ்கள் நிற்கும் நிழற்குடை. இந்தப் பக்கம் குடோன்கள், லைன் வீடுகள். கார் ஏற்றும் நீள லாரிகளும் கன்டெய்னர்களும் இடைவெளி இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஷிப்டு மாறும் சாயங்கால வேளையில் ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று தவிப்பார்கள். நடைமேம்பாலம் வரும் என்று ஒரு போர்டு இருந்தது. பிறகு போர்டும் போய்விட்டது.

எப்போது தொடங்கினாள் என்று தெரியாது. அம்மா கரண்டியை வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டுவாள். யாராவது பிடித்துக்கொள்வார்கள். வண்டிகளுக்கு நடுவில் ஒரு பிளவு தெரிந்ததும் இறங்குவாள். பாதி தூரத்தில் அரளி வைத்த நடுத்திட்டு. அங்கே ஏறி நின்று, திரும்பாமல், "கால் கீதா?" என்பாள். எல்லாரும் திட்டில் கால் வைத்துவிட்டார்களா என்று கேட்கிறாள். கடைசி ஆள்வரை "கீது" வந்த பிறகுதான் அடுத்த பாதி. எதிர்க்கரை ஏறியதும் கடைசியாக ஒரு தடவை கேட்பாள்.

ஒடியாக்காரர்கள், பீகார்க்காரர்கள், தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. தமிழில் வேறு ஒன்றும் தெரியாதவர்கள்கூட அதைச் சொன்னார்கள். சூப்பர்வைசர் திட்டினாலும் 'கீது' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றி லைன் வீடுகளில் சிரிப்பார்கள்.

ரொகேயாவும் அப்படித்தான் கற்றுக்கொண்டாள். குடோனில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற வேலை அவளுக்கு. இடுப்பில் ஒரு குழந்தை. எந்த எல்லையைத் தாண்டி வந்தாள் என்று அம்மா கேட்கவில்லை. வீட்டை எரித்துவிட்டார்கள் என்று கையால் காட்டினாள், அவ்வளவுதான். அவளையும் இன்னும் சிலரையும் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் மேஸ்திரி பகலவன். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு குடோனில் விடுவது அவன் தொழில். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மாதான் ரோட்டைக் கடத்திவிட்டு, பஸ் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். குடோனில் தண்ணீர் நின்ற வாரம் அவர்கள் எங்கள் கீற்றுக் கொட்டகையில் படுத்துக்கொண்டார்கள். குழந்தைக்கு அம்மாவைப் பார்த்தால் சிரிப்பு வரும். அம்மாவும் அதனிடம் காலைக் கிள்ளி, "கால் கீதா?" என்று விளையாடுவாள்.

ஐப்பசியில் ஒரு மழைச் சாயங்காலம். விளக்குகள் இன்னும் போடவில்லை. அம்மா ரொகேயாவையும் குடோன் ஆட்களையும் கடத்திவிடக் கிளம்பினாள். நான் வண்டிக்குப் படுதா போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் பகலவன் லாரி ஒரு புது ஆளை இறக்கியிருந்தது. ஒல்லியான ஆள், செருப்பில்லாத கால், முட்டிவரை செம்மண் சேறு. அவன் எங்கிருந்தோ ஓடிவந்து சங்கிலியின் கடைசிக் கையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை. அவள்தான் திரும்ப மாட்டாளே.

திட்டில் ஏறி, "கால் கீதா?" என்று கேட்டாள். கீது, கீது, கீது. ரொகேயா கடைசியாகச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. அப்படிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்கும் தெரியாது. அவன் ஒரு கால் திட்டிலும் ஒரு கால் ரோட்டிலுமாக நின்றான். எல்லாரும் வந்தாகிவிட்டது என்று நினைத்து முன்னால் இருந்தவர்கள் அடுத்த பாதிக்குக் கை மாற்றிப் பிடிக்க உதறினார்கள். அவன் பிடியும் விட்டுப்போனது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. லாரி நிற்காமல் போய்விட்டது.

போலீஸ் வந்தது. பகலவன் வந்து எட்டிப் பார்த்து, இவன் நம்ம ஆள் இல்லை என்றான். குடோன்காரர்களும் அதையே சொன்னார்கள். ரொகேயாவுக்கும் அவன் பெயர் தெரியவில்லை. 'அடையாளம் தெரியாத ஆண்' என்று எழுதிக்கொண்டு எடுத்துப் போனார்கள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. அம்மா வழக்கம்போல இறங்கினாள். நான் இந்தக் கரையில் நின்றேன். திட்டிலிருந்து அவள் குரல் வந்தது. பதில்கள் வரிசையாக வந்தன. கடைசி ஆள் சொல்லி முடித்த பிறகு, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு குரல் கேட்டது.

"கீது."

சொல்லை இப்போதுதான் கற்றுக்கொண்டவன் சொல்வதுபோல இருந்தது. 'து' நாக்கில் சரியாக ஒட்டவில்லை. சங்கிலியின் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை. ரோடுதான் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. முதலில் எனக்கு மட்டும் கேட்கிறதோ என்று பயந்து அம்மாவிடம் சொல்லாமல் இருந்தேன். பிறகு கவனித்தேன், கடைசி ஆளின் பதில் வந்த பிறகும் அம்மா நின்றாள். அந்த இன்னொரு குரல் வந்த பிறகுதான் காலை எடுத்து வைத்தாள். ஒரு நாள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

"வரட்டும் எழிலு. அவனும் அந்தாண்ட போவணும் இல்ல."

ஆனால் அவன் போய்ச் சேரவில்லை. மறுபாதியில் எங்கேயோ கை விட்டுப்போய்விடுகிறது என்றாள். கையில் கனம் குறைவது தெரிகிறதாம்.

கார்த்திகையில் குடோனுக்குள் போலீஸ் நுழைந்தது. காகிதம் இல்லாத ஆட்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரொகேயாவையும் மற்றவர்களையும் வண்டியில் ஏற்றினார்கள். புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் பெயர் செந்தமிழன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இந்தி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, உங்களை யார் கடத்தியது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறார். ரொகேயா அதுவரை பயந்து ஒன்றும் பேசவில்லை. 'கடத்தி' என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். தமிழிலேயே சொல்லியிருக்கிறாள்: "அம்மா. கூழ் அம்மா கடத்தி வுட்டாங்க."

அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அம்மா பயப்படவில்லை. ரொகேயாவுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஒரு பாட்டிலில் கூழ் வேறு எடுத்துக்கொண்டாள்.

"நீங்கதான் இவங்களக் கடத்துனதா?" என்றார் எஸ்.ஐ.

"ஆமா சார், நான்தான் கடத்தி வுட்டேன். இவங்கள மட்டுமா? பாதி ஊர நான்தான் கடத்தி வுடுறேன். வேற யாரு கீறாங்க?"

"எத்தன வருசமா?"

"அது ஆவுது சார், ரோடு பெருசானதுலேர்ந்து."

காசு வாங்குவாயா என்று கேட்டார். இதற்குப் போய் யாராவது காசு வாங்குவார்களா, கூழ் குடித்துவிட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்றாள் அம்மா. எழுதுகிறவர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். ஒரு போலீஸ்காரம்மா, சின்னப் பொண்ணு இங்கே நிற்காதே என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

வெளியே நின்றாலும் கேட்டது. கடத்தும்போது என்ன பேசிக்கொள்வீர்கள் என்று குடோன் ஆட்களைக் கேட்டதற்கு அத்தனை பேரும் ஒரே மாதிரி 'கால் கீதா' என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எம்மா, யாரு அந்த கீதா? யாருக்கு கால் பண்ணச் சொல்லுதிய?" என்று எஸ்.ஐ. அம்மாவிடம் கேட்டார். அம்மா புரியாமல் அவர் காலைப் பார்த்தாள். போனைப் பிடுங்கித் தேடினார்கள். சிலிண்டர் புக் பண்ணுகிற பெண்ணின் நம்பரை நான்தான் அதில் போட்டுக் கொடுத்திருந்தேன், 'கேஸ் கீதா' என்று.

"பேரோட கேஸையும் சேத்துப் போட்டு வச்சிருக்கா சார்" என்று ஒரு போலீஸ்காரர் சிரித்தார். அந்த கீதாவையும் ஏஜென்சியிலிருந்து கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். பாவம், அழுதுகொண்டே இருந்தாள்.

அம்மாவைப் புழல் பெண்கள் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். ஆட்களை எல்லை தாண்டிக் கடத்தியது, ஒளித்து வைத்தது என்று கேஸ். லாரியில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு இறக்கிவிட்ட பகலவன் அதில் அரசுத் தரப்புச் சாட்சி.

வக்கீல் கனகலட்சுமி ஸ்ரீபெரும்புதூர்க் கோர்ட்டில் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடுகிறவர். அம்மாவின் வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கூழ் ஊத்தினதையும் படுக்க இடம் கொடுத்ததையும் மனிதாபிமானம் என்று பேசலாம், காசுக்காக ஆள் கடத்துகிறவனுக்கும் பசிக்குச் சோறு போடுகிறவளுக்கும் ஒரே பிரிவைப் போடக்கூடாது என்று வாதாடலாம் என்றார்.

"ஆனா நானே கடத்தினேன், பல வருஷமாக் கடத்தறேன்னு அவங்களே சொல்லியிருக்காங்களே. இந்த ஒரு வார்த்தையை வச்சே வருஷக்கணக்குல உள்ள போட்டுடுவாங்கம்மா" என்றார்.

கலங்கலைப் பற்றி நான் சொன்னேன். என் பேச்சு எனக்கே கேட்காது. அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு முழுக்கக் கேட்டார். அந்த அர்த்தமும் அகராதியில் இருக்கிறதுதான், ஆனால் ஸ்டேஷனில் யார் அகராதி பார்த்து எழுதுகிறார்கள் என்றார்.

ஊரில் எல்லாருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. டீக்கடைக்காரர் வெளியே வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை உள்ளே எடுத்துவிட்டார். குடோன் ஆள் ஒருவனுக்குக் காலில் கம்பி குத்தி ரத்தமாக நின்றபோது ஆட்டோக்காரர்கள் ஏற்றவில்லை. ஏற்றினால் கடத்தினதாகிவிடும் என்றார்கள். கேலியாகச் சொன்னார்களா, நிஜமாகவே சொன்னார்களா தெரியவில்லை. அவன் தானே துணி கட்டிக்கொண்டு நொண்டிப் போனான். சாயங்காலங்களில் யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை. அவரவர் தலைதெறிக்க ஓடினார்கள்.

புழலில் மனு போட்டு அம்மாவைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். சாப்பாட்டைப் பற்றியோ கேஸைப் பற்றியோ பேசவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் முகத்தை ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"யாரு கடத்தி வுடுறாங்க இப்போ?"

யாரும் இல்லை என்றேன்.

"அவன் அங்கியே நின்னுகினு இருப்பான் எழிலு. யாரும் கேக்கலன்னா எப்டி வருவான்? நீ போய் நில்லு."

எனக்கு அது முடியாது என்று அவளுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் எழும்பாது. பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்படித்தான் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனால் அம்மா, இப்படி என்பதுபோல, கையைப் பின்னால் நீட்டிக் காட்டினாள். நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் போய் நின்று கையைப் பின்னால் நீட்டினேன். ரொம்ப நேரம் யாரும் பிடிக்கவில்லை. பிறகு ஒரு ஒடியாப் பெண் பிடித்தாள். அவள் பின்னால் சிலர் சேர்ந்தார்கள். இறங்கினேன். லாரிக் காற்று முகத்தில் அடித்தது. திட்டில் ஏறிக் கேட்டேன். என் குரல் அரளிச் செடியைக்கூடத் தாண்டியிருக்காது. ஆனாலும் பதில் வந்தது, பக்கத்தில் இருந்தவளிடமிருந்து பின்னால் ஒவ்வொருவராக. கடைசி ஆள் சொன்னதும் நான் அம்மாவைப்போல நின்றேன்.

"கீது."

என் கையில் கனம் ஏறியது. ஒரு ஆள் கனம். நான் திரும்பவில்லை. மறுபாதியில் நடுவே அந்தக் கனம் போய்விட்டது. அம்மா சொன்னது சரிதான்.

கனகலட்சுமி மேடம் ஜாமீன் கேட்டபோது கலங்கல் கதையைக் கோர்ட்டில் சொன்னார். அரசு வக்கீல், கேட்க நன்றாக இருக்கிறது என்றார். மாஜிஸ்திரேட் கொஞ்சம் யோசித்து, விசாரணை அதிகாரி அந்த இடத்துக்கே போய், அப்படி ஒரு பழக்கம் இருக்கிறதா என்று நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த அறிக்கையில் இருக்கிறது உங்கம்மா வெளியே வருவதும் வராததும் என்று மேடம் என்னிடம் சொல்லி அனுப்பினார்.

எஸ்.ஐ. செந்தமிழன் மார்கழியில் ஒரு சாயங்காலம் வந்தார். ஜீப்பை எதிர்ப்பக்கம் நிழற்குடை ஓரமாக நிறுத்தி, டிரைவர் நாகப்பனை அங்கேயே விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு வேறு வண்டியில் எங்கள் பக்கம் இறங்கினார். மழை பெய்து நாளாயிருந்தது. ரோடு காய்ந்து வெளுத்திருந்தது. தரையோடு லேசாகப் பனி கட்டத் தொடங்கியிருந்தது.

"நீதான் மகளா? எங்க ஊருல கடத்துனான்னா மணலக் கடத்துனான், இல்லன்னா பொண்ணக் கடத்துனான். வேற அர்த்தமே கெடையாது. நீ உன் பாட்டுக்கு எப்பவும்போல போ. நான் பாக்கேன்" என்றார்.

அவரைப் பார்த்ததும் பாதிப்பேர் விலகிவிட்டார்கள். மீதிப்பேரோடு இறங்கினேன். அவர் யார் கையையும் பிடிக்கவில்லை. தனியாகப் பின்னால் வந்து, நடுத்திட்டில் ஏறி, அரளிக்கு நடுவில் ஓரமாக நின்றுகொண்டார். நாங்கள் போவதை அங்கிருந்தே பார்க்கப் போகிறார் என்று புரிந்தது. நான் கேட்டேன். கீது, கீது, கீது. அவர் பதில் சொல்லவில்லை. அவர் எங்கள் வரிசையில் இல்லையே. நான் காத்திருந்தேன். எப்போதும் கடைசியில் வருகிற குரலும் அன்றைக்கு வரவில்லை. என் கையில் கனமும் ஏறவில்லை. பின்னால் லாரிகள் நெருங்குவது கேட்டது. நான் கிளம்பிவிட்டேன்.

எதிர்க்கரையில் ஏறியதும் பின்னால் கார் லாரிகள் வரிசையாக வரத் தொடங்கின, இரண்டு திசையிலும். விளக்குகள் எரிய வேண்டிய நேரம், எரியவில்லை. ரோட்டோரக் கற்களில் கால் வைத்ததும் ஒரு தடவை கேட்பது வழக்கம். கேட்டேன். பின்னால் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு ரோட்டின் நடுவிலிருந்து வந்தது.

"கீது."

அந்தக் குரல் இல்லை. கனமான, திருநெல்வேலிக் குரல். எஸ்.ஐ.யின் குரல்.

எல்லாரும் கரையேறிவிட்டதால் நான் திரும்பலாம். திரும்பினேன். இரண்டு லாரிகளுக்கு நடுவில் இருந்த பிளவில் அவர் நடந்துவந்துகொண்டிருந்தார். வலது கை முன்னால் நீண்டிருந்தது, யாரோ பிடித்து இழுத்துவருவதுபோல. கண்ணை இறுக மூடியிருந்தார். முன்னால் யாரும் இல்லை. ஒரு லாரியின் ஹாரன் அவர்மேலேயே அடித்தது. அவர் நடை மாறவில்லை. நிழற்குடையின் சிமெண்டுத் தரையில் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். கை இன்னும் நீண்டே இருந்தது.

"நீதானம்மா திரும்பி வந்து கூட்டிட்டு வந்த?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்பம் யாரு? திட்டுல நிக்கேன், ரெண்டு பக்கமும் வண்டி. காலு நடுங்கிட்டு. ஒரு கை வந்து புடிச்சிது. ஈரக் கை. யாரோ என்னயக் கடத்தி விட்டாம்லா..."

அவரே நிறுத்திவிட்டார். தன் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு நின்றதுபோல இருந்தது.

ஜீப்பில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த நாகப்பன் குன்றத்தூர்க்காரர். முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். "சார், உங்களையே கடத்திட்டாங்களா?" என்றார். எஸ்.ஐ.யின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. தான் பார்த்தபோது சார் தனியாகத்தான் வந்தார் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அவன் கேட்டான்" என்றார் எஸ்.ஐ. "கால் கீதான்னு கேட்டான். தமிழ் சரியா வரல அவனுக்கு. எனக்கு என்ன சொல்லணும்னு எப்படித் தெரிஞ்சுதோ, சொல்லிட்டேன்."

நாகப்பன் டார்ச்சை எடுத்துத் தரையில் வெளிச்சம் அடித்தார். காய்ந்த சிமெண்டில் எஸ்.ஐ.யின் பூட்ஸ் தடம் புழுதியாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில், இரண்டு வெறுங்கால் தடங்கள். ஈரம். செம்மண் ஈரம். பேய்க்குக் கால் கிடையாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்தத் தடத்தில் ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன.

தடம் நிழற்குடை வாசல்வரை வந்திருந்தது. அங்கே நின்று, திரும்பி, ரோட்டை நோக்கிப் போயிருந்தது. அதை நான் பார்த்தேன். எஸ்.ஐ.யும் பார்த்தார் என்று நினைக்கிறேன். டார்ச்சை அணைக்கச் சொன்னார்.

அவர் அறிக்கையைக் கோர்ட்டில் வாசித்தார்கள். கனகலட்சுமி மேடத்துக்குப் பக்கத்தில் நின்று நான் கேட்டேன். வடக்குப்பட்டு வட்டாரத்தில் சாலையைக் கடக்க உதவி செய்வதற்குக் 'கடத்தி விடுதல்' என்று பெயர் என்றும், 'கால் கீதா' என்பது பெண் பெயரோ தொலைபேசி அழைப்போ அல்ல என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி. 'ஆய்வின்போது அடையாளம் தெரியாத நபர் ஒருவர் என் கையைப் பிடித்து என்னையும் கடத்தி விட்டார்.'

அந்த நபர் யார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"தெரியலங்கய்யா" என்றார் எஸ்.ஐ. "கை மட்டுந்தான் தெரியும்."

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். கூண்டில் நின்ற அம்மா சிரிக்கவில்லை. கேட்காமல் பேசக்கூடாது என்று மேடம் சொல்லியிருந்தும் எஸ்.ஐ.யைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"அப்ப அவன் இந்தாண்ட வந்துட்டானா சார்?"

எஸ்.ஐ. திரும்பி என்னைப் பார்த்தார்.

ஆள் கடத்தல் பிரிவை எடுத்துவிட்டு அம்மாவுக்கு ஜாமீன் கொடுத்தார்கள். பகலவனைச் சாட்சி இடத்திலிருந்து எடுத்து விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொட்டகையில் படுக்க இடம் கொடுத்ததற்கு இன்னும் கேஸ் இருக்கிறது. உதவி செய்கிறவர்களைத் தனியாகப் பிரித்துச் சட்டத்தில் ஒரு வரி எழுதுகிறவரை இந்த மாதிரிக் கேஸ் வந்துகொண்டேதான் இருக்கும் என்கிறார் மேடம். ரொகேயாவையும் குழந்தையையும் ஏதோ முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்த மறுநாளே வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாயங்காலம் முந்தானையைச் செருகிக் கையைப் பின்னால் நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்தேன். திட்டில் நின்று கேட்டாள். நான் சொன்னேன், என் பின்னால் எல்லாரும் சொன்னார்கள். அம்மா காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. காற்றில் அரளி அசைந்தது. எதிர்க்கரை ஏறியதும் அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"போய்ச் சேந்துட்டான்போல" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். அவன் வந்தான், ஆனால் நிற்கவில்லை, தடம் திரும்பிப் போயிருந்தது என்று. அம்மா ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் வந்த கரையில், கம்பி குத்தின அந்தக் குடோன் ஆள், இன்னும் காலில் கட்டோடு, இறங்குவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தான். அம்மா உள்ளே இருந்தபோது வந்தவன். அவன் கைப்பிடிக்க யாரும் பக்கத்தில் இல்லை. திடீரென்று அவன் கை முன்னால் நீண்டது. கண்ணை மூடிக்கொண்டான். லாரிகளுக்கு நடுவில் நொண்டி நொண்டி நேராக எங்களை நோக்கி வந்தான். நடுத்திட்டில் நின்று, யாரோ கேட்டதற்குச் சொல்வதுபோல, வாயசைத்தான்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பேசும்போது குரலில் சிரிப்பு இருந்தது.

"நல்லதுதான். என்னிய மறுபடி உள்ள தூக்கிப் போட்டாலும் இங்க ஆளு கீது. அவன் மேல இன்னா கேஸ் போடுவாங்க?"